உழுமண்ணில் கிடக்கும் காசு

இங்கிலாந்தின் கிழக்குக் கரையில் வடகடலை நோக்கிப் புடைத்து நிற்கும் நார்ஃபோக், சஃபோக் மாவட்டங்களை உள்ளடக்கிய நிலப்பகுதி கிழக்கு ஆங்கிலியா எனப்படுகிறது. மலையென்று சொல்லத்தக்க உயரம் எதுவும் இல்லாத இந்நிலம், பனியாறுகள் விட்டுச்சென்ற களிமண்ணும் மணலும் கலந்த உழவு நிலமாகவே ஈராயிரம் ஆண்டுகளுக்கும் மேலாக இருந்துவருகிறது. ஆகவே ரோமானியருக்கு முன்பு இங்கு வாழ்ந்த ஐசினி என்ற பழங்குடியினரின் வெள்ளிக் காசு முதல் விக்டோரியா அரசி காலத்துச் செப்புக் காசு வரை, கைதவறியும் ஒளித்துவைத்தும் மண்ணுக்குள் போன நாணயங்களை ஏர்முனை ஆண்டுதோறும் புரட்டி மேலே கொண்டுவந்தபடி இருக்கிறது. மெட்டல் டிடெக்டர் எனப்படும், மண்ணுக்கடியில் உள்ள உலோகத்தை ஒலியால் காட்டும் கருவியை ஏந்தி வயல்களில் பழங்காசு தேடும் பழக்கம் இப்பகுதியில் வேரூன்றியதற்கு இந்த மண்ணே முதற்காரணம். அப்பழக்கத்தைப் பற்றிய ‘டிடெக்டரிஸ்ட்ஸ்’ என்ற பிபிசி தொலைக்காட்சித் தொடர் 2014 முதல் வெளிவந்தபோது, கதை எசெக்ஸில் நடப்பதாகச் சொல்லப்பட்டாலும், படப்பிடிப்பு சஃபோக் கிராமங்களிலேயே நடந்தது.

லண்டனின் லிவர்பூல் ஸ்ட்ரீட் நிலையத்திலிருந்து நாரிச் நகருக்குச் செல்லும் ரயில், கோல்செஸ்டர், இப்ஸ்விச், ஸ்டோமார்க்கெட் ஆகிய ஊர்களைக் கடந்து ஏறத்தாழ ஒன்றரை மணி நேரத்தில் டிஸ் என்ற சிறு நகரை அடைகிறது. இப்பாதையின் போக்கு ஒரு பழைய வழியை ஒட்டியது. கோல்செஸ்டர் ரோமானிய பிரிட்டனின் முதல் தலைநகராக இருந்த ஊர், அங்கிருந்து வடக்கே ஐசினியரின் நகரான காயிஸ்டருக்கு ரோமானியர் இட்ட நெடுஞ்சாலையின் மேல்தான் இன்றைய ஏ140 சாலையின் பெரும்பகுதி ஓடுகிறது. டிஸ் நகருக்குச் சற்றுக் கிழக்கே ஸ்கோல் என்ற இடத்தில் அச்சாலை வேவ்னி ஆற்றைக் கடக்குமிடத்தில் ஒரு ரோமானியக் குடியிருப்பு இருந்தது. ஆற்றுத் துறைகள், சாலைச் சந்திப்புகள், சந்தைத் திடல்கள் ஆகிய இடங்களில்தான் மனிதர்கள் பணப்பையை அவிழ்க்கிறார்கள், அவிழ்க்கும் இடத்தில்தான் காசு தவறுகிறது என்பதால், நாணயம் தேடத் தொடங்குபவர் கருவியை வாங்குவதற்கு முன் படிக்க வேண்டியது அப்பகுதியின் பழைய நிலப்படங்களே.

தொடக்கநிலையாளர் பலர் வரலாற்றுச் சிறப்புள்ள இடம் என்றவுடன் கோட்டையையும் கோயில் இடிபாட்டையும் மனத்தில் கொள்கிறார்கள். சட்டம் அவ்விடங்களைத்தான் முதலில் விலக்குகிறது. அரசு பட்டியலிட்டுப் பாதுகாக்கும் தொல்லிடங்களில் அனுமதியின்றிக் கருவியைப் பயன்படுத்துவது, எதுவும் தோண்டாவிட்டாலும், 1979ஆம் ஆண்டின் தொல்சின்னங்கள் சட்டப்படி குற்றமாகும். எஞ்சிய நிலம் முழுவதற்கும் உரிமையாளர் உண்டு. பொதுப்பாதை செல்லும் வயலாயினும், நகராட்சிப் பூங்காவாயினும், கடற்கரையாயினும், உரியவரின் இசைவு இன்றிக் கருவியை இயக்க இயலாது. இசைவை எழுத்தில் பெற்று, கிடைப்பதை எவ்விகிதத்தில் பகிர்வது என்பதையும் அதிலேயே குறித்துக்கொள்வது அங்குள்ள வழக்கம். நாட்டுக்கு நாடு இவ்விதிகள் வேறுபடுகின்றன. ஸ்காட்லாந்தில் கண்டெடுக்கப்படும் தொல்பொருள் அனைத்தும் அரசுக்கு உரியவை. அயர்லாந்துக் குடியரசில் அரசு இசைவு இல்லாமல் தொல்பொருள் தேடக் கருவியைப் பயன்படுத்துவதே தண்டனைக்குரியது. இங்கிலாந்திலும் வேல்ஸிலுமோ ஓய்வுபெற்ற தோட்டக்காரரும் லாரி ஓட்டுநரும் ஞாயிற்றுக்கிழமைதோறும் வரலாற்றைத் தோண்டியெடுக்கும் உரிமையை ஏறக்குறைய முழுமையாகப் பெற்றிருக்கிறார்கள். அவ்வுரிமை சரியானதா என்ற கேள்வியைக் கட்டுரையின் பிற்பகுதிக்கு ஒத்திவைக்கலாம்.

கருவியின் இயக்கம் எளிமையானது. நீண்ட கைப்பிடியின் நுனியில் தட்டுப்போல் அமைந்த வளையத்துக்குள் இரண்டு கம்பிச் சுருள்கள் உள்ளன. ஒன்றில் நொடிக்குச் சில ஆயிரம் முறை திசைமாறும் மின்னோட்டம் பாய்கிறது. அதனால் எழும் மாறுகாந்தப்புலம் மண்ணுக்குள் இறங்கி, அங்குள்ள உலோகத்தில் சுழல் மின்னோட்டங்களைத் தூண்டுகிறது. அவை எழுப்பும் மிக நலிந்த எதிர்ப்புலத்தை இரண்டாவது சுருள் வாங்கிக்கொள்கிறது. அனுப்பிய அலைக்கும் திரும்பிவந்த அலைக்கும் இடையிலுள்ள காலப் பிறழ்வு இரும்புக்கு ஒரு விதமாகவும் வெள்ளி, செம்பு போன்ற நன்கு கடத்தும் உலோகங்களுக்கு வேறு விதமாகவும் அமைவதால், கருவி அதனை எண்ணாகவும் ஒலியின் ஏற்ற இறக்கமாகவும் மாற்றித் தருகிறது. எனினும் அந்த எண் ஒரு பொருளின் பெயரைச் சொல்வதில்லை. மெல்லிய பொற்காசும் குளிர்பானக் குவளையின் இழுப்பு வளையமும் ஏறத்தாழ ஒரே எண்ணைத் தரக்கூடும் என்பதால், குப்பையைத் தவிர்க்க அவ்வெண்ணை அணைத்துவைக்கும் புதியவர் பொன்னையும் சேர்த்தே அணைத்துவிடுகிறார். காசு அளவுள்ள பொருளை இக்கருவிகள் பெரும்பாலும் ஒரு சாண் ஆழம், சில வேளைகளில் அதற்குச் சற்று மேல் வரைதான் உணரும். உழுபடை புரட்டும் மேல்மண்ணின் ஆழமும் ஏறக்குறைய அதே அளவாக இருப்பது இந்தக் கதை முழுவதற்கும் அடிப்படையான தற்செயல் ஒற்றுமை. மேல்மண் ஏற்கெனவே கலைக்கப்பட்டது. அதிலுள்ள காசு தன் அசல் படுகையிலிருந்து எப்போதோ பெயர்ந்துவிட்டது. ஆகவே அதனை எடுப்பதால் பெரிய இழப்பு இல்லை என்பது தேடுவோர் தரப்பின் வாதம், அதில் உண்மை உண்டு. உழுமண்ணுக்குக் கீழே குலையாத படுகையில் கை வைக்கும் கணத்தில் அந்த வாதம் செல்லாததாகிவிடுகிறது.

தேடலுக்குரிய பருவம் பயிரைப் பொறுத்தது. ஆகஸ்டு மாதத்தில் கோதுமை, பார்லி அறுவடை முடிந்து தாளடி நிற்கும் வயல்களில் தொடங்கி, உழுது சமன்செய்து மறுவிதைப்பு முடிந்து முளை கிளம்பும் வரையில் உழவர்கள் இசைவு தருகிறார்கள். மேய்ச்சல் நிலத்தில் தேடுபவர் புல்லை மூன்று பக்கம் வெட்டி, மண்ணோடு கட்டியாக மடக்கித் திறந்து, பொருளை எடுத்தபின் இருந்தபடியே மூடி மிதித்துவிட வேண்டும். குழியைத் திறந்தே விட்டுச் சென்றவருக்கு அந்தப் பண்ணையில் மறுபடி இடம் கிடைப்பதில்லை. கிடைக்கும் பொருள்களைப் பற்றிய உண்மையைத் தொலைக்காட்சி சொல்வதில்லை. துப்பாக்கித் தோட்டாவின் பித்தளை மூடி, ஈயத் துண்டு, சட்டைப் பொத்தான், அலுமினியத் தாள், இலாடம் ஆகியவையே நாளின் பெரும்பகுதி. கிழக்கு ஆங்கிலியாவில் இதனுடன் இரண்டாம் உலகப்போரின் எச்சமும் சேர்ந்துகொள்கிறது; அமெரிக்க விமானப்படை அன்று தளம் அமைத்திருந்த வயல்களில் இயந்திரத் துப்பாக்கிக் குண்டுகள் இன்றும் கிடைப்பதால், இனம் தெரியாத கனத்த உருளை எதையும் தொடாமல் காவல்துறையை அழைக்க வேண்டும் என்பது இங்கு முதல் பாடமாகக் கற்பிக்கப்படுகிறது.

புதியவருக்கு முதலில் அகப்படும் பழங்காசு பெரும்பாலும் நான்காம் நூற்றாண்டு ரோமானிய வெண்கலச் சிறுகாசாகத்தான் இருக்கும். விரல் நகத்தளவே உள்ள, பச்சைக் களிம்பேறி உருவம் தேய்ந்த இக்காசுகளைத் தேடுவோர் ‘க்ராட்’ என்று இளக்காரமாக அழைத்து டப்பாவில் போட்டு மறந்துவிடுவது உண்டு. தமிழ் வாசகருக்கு இக்காசு அந்நியமானதன்று. அர்காடியஸ், ஹொனோரியஸ் முதலிய பிற்கால ரோமப் பேரரசர்களின் இதே வகைச் சிறுகாசுகள் கரூரில் அமராவதி ஆற்று மணலிலும் மதுரையிலும் திருக்கோவிலூரிலும் பெருமளவில் கிடைத்து, நாணயவியல் அறிஞர் இரா. கிருஷ்ணமூர்த்தியால் 1994இல் தனி நூலாகவே ஆராயப்பட்டுள்ளன. பேரரசின் வடமேற்கு விளிம்பில் சந்தைச் சில்லறையாகப் புழங்கிய காசுவகை, பேரரசின் எல்லைக்கு வெளியே கடல்கடந்த தமிழகத்திலும் புழங்கியிருக்கிறது என்பதைக் காட்டுவது அந்த மதிப்பற்ற காசுதான். பொற்காசுகள் இதைச் சொல்வதில்லை, ஏனெனில் பொன் எங்கும் பொன்னாகவே செல்லும். களிம்பை எலுமிச்சைச் சாறு, காடி, கம்பித் தூரிகை ஆகியவற்றால் நீக்க முயல்வது புதியவர் செய்யும் பெருங்கேடு. பல நூற்றாண்டுகளில் உலோகத்தின் மேற்பரப்பே களிம்பாக மாறி, அரசனின் முகமும் எழுத்தும் அக்களிம்பின் மேல்தான் எஞ்சியிருக்கின்றன என்பதால், தேய்த்தவர் கையில் எஞ்சுவது வெறும் தகடு.

டிஸ் நகரிலிருந்து தென்கிழக்கே சில மைல் தொலைவில், வேவ்னியில் கலக்கும் டவ் என்ற சிற்றாற்றின் கரையில் ஹாக்ஸன் கிராமம் இருக்கிறது. ஓலைக் கூரையிட்ட வீடுகளும் சாய்ந்த புல்திடலும் உள்ள இச்சிற்றூர் மூன்று முறை வரலாற்றில் இடம்பிடித்துள்ளது. கிழக்கு ஆங்கிலியாவின் மன்னர் எட்மண்ட் 869இல் டேனியப் படையினரால் கொல்லப்பட்டது இங்குதான் என்று ஊர்மரபு சொல்கிறது. பாலத்தின் கீழ் ஒளிந்திருந்த மன்னரின் பொற்குதிமுள் நீரில் மின்னியதைக் கண்டு புதுமணத் தம்பதியர் காட்டிக்கொடுத்ததாகவும், அதனால் மணமக்கள் கோல்ட்புரூக் என்ற அப்பாலத்தைக் கடக்கலாகாது என்றும் அக்கதை நீள்கிறது. வேறு ஊர்களும் இந்த உரிமையைக் கோருவதால் வரலாற்றாசிரியர்கள் இதில் முடிவு சொல்வதில்லை. இரண்டாவது சிறப்பு உறுதியானது. இவ்வூர்ச் செங்கல் சூளைக் குழியில், பெருவிலங்குகளின் எலும்புகளோடு ஆழத்தில் கிடைத்த கற்கருவிகளைப் பற்றி ஜான் ஃப்ரேர் என்பவர் 1797இல் லண்டன் தொல்பொருளியல் கழகத்துக்கு எழுதிய கடிதம், மனித இனத்தின் தொன்மை விவிலியக் கணக்கில் அடங்காது என்பதற்கான முதல் சான்றுகளில் ஒன்று. அறுபது ஆண்டுகளுக்கும் மேல் கவனிப்பாரற்றுக் கிடந்த அந்தக் கருத்தை 1859இல் ஜோசப் பிரெஸ்ட்விச், ஜான் எவான்ஸ் ஆகிய ஆய்வாளர் இருவரும் மீட்டனர். அவர்களுடைய ஆய்வுகளால் தூண்டப்பட்ட நிலவியலாளர் ராபர்ட் புரூஸ் ஃபூட், 1863 மே மாதத்தில் சென்னையை அடுத்த பல்லாவரத்தில் ஒரு கற்கருவியைக் கண்டெடுத்து இந்தியத் தொல்பழங்கால ஆய்வைத் தொடங்கிவைத்தார். பல்லாவரத்துக்கும் ஹாக்ஸனுக்கும் இவ்வாறு ஓர் உறவு உண்டு.

மூன்றாவது நிகழ்ச்சி 1992 நவம்பர் 16ஆம் நாள் நடந்தது. வயலில் சுத்தியலைத் தொலைத்துவிட்ட குத்தகை விவசாயி பீட்டர் வாட்லிங்குக்கு உதவுவதற்காக, ஓய்வுபெற்ற தோட்டக்காரரான எரிக் லாஸ், பணி ஓய்வுப் பரிசாகப் பெற்ற தம் கருவியுடன் சென்றார். ஒலி வந்த இடத்தில் வெள்ளிக் கரண்டிகளும் பொன் நகைகளும் நாணயங்களும் வரத் தொடங்கின. இரண்டு பைகள் நிறையும் அளவு எடுத்தபின், இன்னும் நிறைய உள்ளே இருக்கிறது என்பது தெரிந்தும், இருவரும் தோண்டுவதை நிறுத்திக் காவல்துறைக்கும் நிலத்தின் உரிமையாளரான சஃபோக் மாவட்ட மன்றத்துக்கும் செய்தி அனுப்பினர். மறுநாளே தொல்லியலாளர்கள் யாருக்கும் தெரியாமல் வந்து, ஒரே நாளில் அகழ்ந்து எல்லாவற்றையும் முறைப்படி எடுத்துச் சென்றனர். 569 பொற்காசுகள், 14,272 வெள்ளிக்காசுகள், 24 வெண்கலக்காசுகள் என மொத்தம் 14,865 நாணயங்களும், அவற்றுடன் ஏறத்தாழ 200 பொன், வெள்ளிப் பொருள்களும் அக்குழியில் இருந்தன. பிரிட்டனில் கிடைத்த பிற்கால ரோமானியப் பொன், வெள்ளிக் குவியல்களில் இதுவே மிகப் பெரியது. மதிப்பீட்டுக் குழு 17.5 லட்சம் பவுண்டு என்று விலை நிர்ணயிக்க, அத்தொகை லாஸுக்குப் பரிசாக வழங்கப்பட்டது. அவர் அதை விவசாயியுடன் பகிர்ந்துகொண்டார். சுத்தியலும் கிடைத்தது, அதுவும் இன்று பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தின் உடைமை.

லாஸ் தோண்டாமல் விட்டதனால் தெரியவந்தவை பல. மக்கிப்போன ஓக் மரப்பேழை ஒன்றின் தடம், அதனுள் இருந்த சிறு பெட்டிகள், அவற்றைப் பூட்டிய கட்டைவிரல் அளவு வெள்ளிப் பூட்டுகள், பாத்திரங்களுக்கு இடையே செருகிய வைக்கோல், சுற்றிய துணி ஆகியவை கிடந்த நிலையிலேயே பதிவுசெய்யப்பட்டதால், ஒரு குடும்பம் அவசரத்தில் அள்ளிப் போட்டுப் புதைத்ததன்று, பொறுமையாக அடுக்கிப் பூட்டி வைத்தது என்பது விளங்கியது. திரும்பி வந்து எடுக்கும் எண்ணத்தோடு புதைத்தவர்கள் அவர்கள். காசுகளில் கடைசியானவை 407, 408 ஆண்டுகளைச் சேர்ந்தவை. அந்த ஆண்டுகளில்தான் பிரிட்டனில் பேரரசனாக அறிவிக்கப்பட்ட மூன்றாம் கான்ஸ்டன்டைன் அங்கிருந்த படைகளை அழைத்துக்கொண்டு ஆங்கிலக் கால்வாயைக் கடந்து, இன்றைய பிரான்ஸ் அமைந்துள்ள கால் நாட்டுக்குப் போனான். மீண்டும் அப்படைகள் வரவில்லை. பத்துக் கரண்டிகளில் அவுரேலியஸ் உர்சிகினஸ் என்ற பெயரும், ஒரு பொன் வளையில் ஜூலியானே என்ற பெண்ணின் பெயரும் பொறிக்கப்பட்டுள்ளன என்றாலும், அவர்கள் யார் என்று சொல்ல வேறு ஆவணம் எதுவும் இல்லை.

ஹாக்ஸன் வயலில் இன்று பார்ப்பதற்கு ஒன்றுமில்லை. பயணி லண்டனுக்குத் திரும்பிப் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தின் 49ஆம் கூடத்துக்குச் செல்ல வேண்டும். அங்குள்ள வெள்ளிக்காசுகளை உற்று நோக்கினால் பெரும்பாலானவற்றின் விளிம்பு வட்டம் குலைந்து நறுக்கப்பட்டிருப்பது தெரியும். சிலிக்வா எனப்படும் இக்காசுகளின் ஓரத்தைக் கத்தரித்து வெள்ளியைச் சேர்த்து, அதைக்கொண்டு புதிய போலிக்காசு அடிக்கும் வழக்கம், ரோமிலிருந்து வெள்ளி வருவது நின்றுபோன கடைசிக் காலப் பிரிட்டனில் பரவியது. நறுக்கியவர்கள் எழுத்தை வெட்டினாலும் பேரரசரின் முகத்தைத் தொடவில்லை. முகம் இருக்கும் வரையில் அது காசு. இதற்கு நேர்மாறான காட்சியைத் தருபவை புதுக்கோட்டைச் சீமையில் கறுக்காக்குறிச்சி என்ற ஊரில் 1898இல் கிடைத்த 501 ரோமானியப் பொற்காசுகள். அவற்றில் மிகப் பெரும்பாலானவற்றில் உளியால் பேரரசரின் முகத்தின் குறுக்கே வெட்டியிருக்கிறார்கள். காசு என்ற தகுதியை நீக்கி வெறும் பொன்னாக எடைபோட்டுக்கொள்ளவே இவ்வாறு செய்தனர் என்பது ஆய்வாளர் பலரின் கருத்து. அக்குவியலிலிருந்தும் காசுகளைச் சேர்த்தது இதே அருங்காட்சியகம்தான். ஓரிடத்தில் முகத்தை விட்டு ஓரத்தை வெட்டினர். மற்றோரிடத்தில் ஓரத்தை விட்டு முகத்தை வெட்டினர். பேரரசின் ஆணை செல்லுமிடத்துக்கும் செல்லாவிடத்துக்கும் உள்ள வேறுபாட்டை இதைவிடத் தெளிவாக எந்த நூலும் விளக்கிவிட முடியாது.

அதே கூடத்தில் மிளகுச் சிமிழ்கள் நான்கு உள்ளன. ஒன்று அரசியின் உருவில் அமைந்தது என முதலில் கருதப்பட்டதால் பேரரசிச் சிமிழ் என்ற பெயர் நிலைத்துவிட்டது. உண்மையில் அது செல்வக் குடும்பத்துப் பெண்ணொருத்தியின் மார்பளவு உருவமே. அடியிலுள்ள வட்டத் தகட்டைத் திருப்பினால் ஒரு நிலையில் மிளகை நிரப்பலாம், ஒரு நிலையில் தூவலாம், மற்றொரு நிலையில் மூடிவைக்கலாம். அதில் நிரப்பப்பட்ட மிளகு விளைந்தது மேற்குத் தொடர்ச்சி மலையின் மழைக்காடுகளில். கப்பலேறியது முசிறி போன்ற சேரநாட்டுத் துறைமுகங்களின் வழிவந்த கடல்வணிகத்தில். ஹாக்ஸனின் கடைசிக் காசு அடிக்கப்பட்ட 408ஆம் ஆண்டில்தான், ரோமை முற்றுகையிட்ட விசிகோத் தலைவன் அலாரிக், முற்றுகையை நீக்கப் பொன், வெள்ளியுடன் 3,000 பவுண்டு எடை மிளகையும் மீட்புப் பொருளாகக் கேட்டான். பேரரசின் பழைய தலைநகரும் அதன் மறுகோடியிலிருந்த சஃபோக் பண்ணை வீடும் ஒரே நெருக்கடியில் எதை எண்ணிப் பார்த்தன என்பதை மிளகு காட்டுகிறது.

ஹாக்ஸன் நல்ல முடிவுடைய கதை. எல்லாக் கதைகளும் அப்படி முடிவதில்லை. லண்டனுக்குத் தென்மேற்கே சரே மாவட்டத்திலுள்ள வான்பரோவில் 1980களின் நடுவில் ஒரு ரோமானியக் கோயில் தலம் சூறையாடப்பட்டது. நேர்மையாகச் செய்தி தெரிவித்தவர்களின் வழக்கு நடந்தபோது இடத்தின் பெயர் நீதிமன்றத்தில் வெளிப்படையாகச் சொல்லப்பட்டுவிட, நைட்ஹாக் என்று அழைக்கப்படும் இரவுத் திருடர்கள் கருவிகளுடன் திரண்டு, ஆயிரக்கணக்கான காசுகளை இருட்டில் அள்ளிச் சென்றனர். அன்றிருந்த வழக்குமரபுச் சட்டப்படி, பொன் அல்லது வெள்ளிப் பொருள் ஒன்று மீட்டெடுக்கும் எண்ணத்தோடு புதைக்கப்பட்டது என்று நிறுவினால்தான் அது அரசுக்குரிய புதையல். கோயிலில் காணிக்கையாக இட்டதும் கைதவறியதும் புதையல் ஆகா. இறந்து ஆயிரம் ஆண்டுகளுக்கும் மேலானவரின் எண்ணத்தை நிறுவச் சொன்ன அச்சட்டம் திருடருக்கே துணைநின்றது. சரே தொல்லியல் கழகம் முன்னின்று நடத்திய இயக்கத்தின் பயனாக 1996ஆம் ஆண்டுப் புதையல் சட்டம் பிறந்து, மறு ஆண்டு நடைமுறைக்கு வந்தது.

அச்சட்டம் எண்ணத்தை விட்டு எண்ணிக்கையைப் பார்க்கிறது. 300 ஆண்டுகளுக்கு மேற்பட்ட, பத்து விழுக்காடாவது பொன்னோ வெள்ளியோ கலந்த காசுகள் ஒரே இடத்தில் இரண்டு கிடைத்தாலே புதையல். அந்த உலோகங்கள் குறைவாக உள்ள வெண்கலக்காசுகளாயின் பத்து கிடைக்க வேண்டும். கண்டெடுத்தவர் 14 நாட்களுக்குள் கொரோனர் எனப்படும் விசாரணை அதிகாரிக்குத் தெரிவிக்க வேண்டும். அருங்காட்சியகம் விரும்பினால் சந்தை மதிப்பைக் கொடுத்து எடுத்துக்கொள்ளும். அத்தொகை வழக்கமாகக் கண்டவருக்கும் நிலத்துக்கு உரியவருக்கும் பாதிப் பாதியாகச் செல்லும். தனியே கிடைக்கும் ஒற்றைக் காசு பொதுவாகப் புதையல் அன்று. அதைச் சட்டம் கட்டாயப்படுத்தாததால், விருப்பத்தின் பேரில் பதிவு செய்யும் திட்டம் ஒன்றும் 1997இல் தொடங்கப்பட்டது. மாவட்டந்தோறும் அமர்த்தப்பட்டுள்ள அதன் அலுவலர்கள் காசைப் பார்த்து, அடையாளம் கண்டு, படமெடுத்து, கிடைத்த இடத்தைச் சில மீட்டர் துல்லியத்தில் குறித்துக்கொண்டு, பொருளை உரியவரிடமே திருப்பித் தருகின்றனர். அவ்வாறு பதிவானவை 15 லட்சத்தைத் தாண்டிவிட்டன.

இச்சட்டத்தின் வலிமையையும் எல்லையையும் 2015ஆம் ஆண்டின் இரு கண்டுபிடிப்புகள் காட்டுகின்றன. வெஸ்ஸெக்ஸ் மன்னர் ஆல்ஃபிரடும் மெர்சியா மன்னர் இரண்டாம் சியோல்வுல்ஃபும் ஒரே காலத்தில் ஒரே வகைக் காசை அடித்திருந்ததை இரண்டுமே மெய்ப்பித்தன. டேனியரின் கைப்பாவை என்று ஆல்ஃபிரட் தரப்பு ஏடுகள் இகழ்ந்த சியோல்வுல்ஃப், உண்மையில் அவருடைய கூட்டாளியாக இருந்தார் என்பது அதனால் புலப்பட்டது. ஆக்ஸ்ஃபோர்டு மாவட்டத்தின் வாட்லிங்டன் அருகே கிடைத்த குவியல் உடனே அறிவிக்கப்பட்டு, மண்கட்டியாகவே பெயர்த்தெடுக்கப்பட்டு, ஆய்வகத்தில் பிரிக்கப்பட்டது. 186 காசுகளுடன் அதை ஆஷ்மோலியன் அருங்காட்சியகம் 13.5 லட்சம் பவுண்டுக்கு 2017இல் வாங்கியது. ஹியர்ஃபோர்டு மாவட்டத்தின் லெம்ஸ்டர் அருகே கிடைத்த மற்றொன்றைக் கண்டவர்கள் மறைத்து வணிகர்களிடம் விற்றனர். ஏறத்தாழ 300 காசுகள் இருந்ததாகக் கருதப்படும் அக்குவியலில் பத்தில் ஒரு பங்கு அளவே மீட்கப்பட்டது. விற்றவர்கள் 2019இல் சிறை சென்றனர். முறையாக அறிவித்திருந்தால் அவர்கள் விற்றுப் பெற்றதைவிடப் பெருந்தொகை சட்டப்படியே கிடைத்திருக்கும் என்பது வழக்கின் நகைமுரண்.

காசின் மதிப்பு அது கிடந்த இடத்தில் இருக்கிறது என்பதற்கு மிகச் சிறந்த சான்றைக் காண, இப்ஸ்விச்சிலிருந்து கிளைப்பாதை ரயிலில் டெபன் ஆற்றங்கரையின் மெல்டன் நிலையம் வரை செல்ல வேண்டும். ஆற்றின் எதிர்க்கரை மேட்டில் இருப்பது சட்டன் ஹூ; 1939இல் பேசில் பிரவுன் அகழ்ந்த கப்பல் புதைமேடு அங்குதான் உள்ளது. அதில் புதைக்கப்பட்ட, மன்னர் எனக் கருதப்படுபவரின் பணப்பைக்குள் 37 சிறு பொற்காசுகள் இருந்தன; ஒவ்வொன்றும் பிராங்கிய நாட்டின் வெவ்வேறு காசுக்கூடத்தில் அடிக்கப்பட்டது என்பதால் அவை செலவுக்காக அன்றித் தேர்ந்து சேர்க்கப்பட்டவை எனத் தெரிகிறது. மன்னரின் கல்லறை அங்கே. அவர் வாழ்ந்த அரண்மனை எங்கே என்ற கேள்விக்கு விடை, அங்கிருந்து சில மைல் வடகிழக்கே ரெண்டில்ஷாம் வயல்களில் கிடைத்தது. எட்டாம் நூற்றாண்டுத் துறவி பீட் தம் திருச்சபை வரலாற்றில் குறிப்பிட்ட அரச ஊர் அது. தம் நிலத்தில் இரவில் திருடுகிறார்கள் என்று நிலவுடைமையாளர் முறையிட்டதையடுத்து, 2008 முதல் சஃபோக் தொல்லியல் துறை, திருடரின் கருவியையே ஆய்வுக் கருவியாக்கியது. அனுபவமுள்ள உள்ளூர்த் தேடுநர் நால்வர் ஊதியமின்றி ஆண்டுக்கணக்கில் வயல்களை வரிசைவரிசையாக நடந்து, உழுமண்ணில் கிடைத்த ஒவ்வொரு பொருளின் இடத்தையும் செயற்கைக்கோள் வழிகாட்டியால் குறித்தனர். பொற்காசுகளும் தொடக்ககால வெள்ளிக்காசுகளும் உடைந்த நகைத் துண்டுகளும் நிலப்படத்தில் புள்ளிகளாகச் சேர்ந்தபோது, கொல்லர் இருந்த பகுதியும் சந்தை கூடிய பகுதியும் உயர்குடியினர் வாழ்ந்த பகுதியும் தனித்தனியே தோன்றின. அப்படத்தை வழிகாட்டியாகக் கொண்டு நடந்த அகழாய்வில் 23 மீட்டர் நீளமுள்ள அரச மண்டபத்தின் அடித்தளம் 2022இல் வெளிப்பட்டது. அப்புள்ளிகளில் பெரும்பாலானவற்றைத் தனித்தனியே எடுத்துப் பார்த்தால் அவற்றுக்கு ஏலச் சந்தையில் பெரிய விலை இல்லை.

இங்கிலாந்தின் முறையைக் குறையற்றதெனக் கொள்ள முடியாது. 1980இல் தொல்லியலாளர்கள் கடந்தகாலம் களவுபோகிறது என்று இக்கருவிக்கு எதிராகப் பெரும் இயக்கம் நடத்தினர். அவர்களின் அச்சம் முழுதும் தீர்ந்துவிடவில்லை. நூற்றுக்கணக்கானோர் கட்டணம் செலுத்தி ஒரே வயலில் கூடும் பெருந்தேடல் விழாக்களில் இடக்குறிப்பு ஒழுங்காக நடப்பதில்லை. பரிசுத்தொகையைக் கருதித் தொடங்குபவர், பதிவுக்குரிய வெண்கலச் சிறுகாசை அலட்சியம் செய்கிறார். எனினும் நார்ஃபோக்கில் 1970களிலேயே டோனி கிரிகரி போன்ற அருங்காட்சியகத் தொல்லியலாளர்கள் தேடுநரைப் பகைக்காமல் அவர்களின் சங்கக் கூட்டங்களுக்கே சென்று காசுகளை அடையாளங்காட்டித் தந்த நட்புறவே நாடுமுழுதும் பரவிய பதிவுத் திட்டத்துக்கு முன்மாதிரி ஆனது என்பதை நோக்கும்போது, தடையைவிட இணக்கம் அதிக அறிவைச் சேர்த்துள்ளது என்றே கூற வேண்டும். அந்த இணக்கத்துக்கு விலை உண்டு: மாவட்டந்தோறும் ஊதியம் பெறும் அலுவலர், மதிப்பீட்டுக் குழு, தவறாமல் வழங்கப்படும் பரிசு. இவை இல்லாத நாட்டில் கருவியை மட்டும் இறக்குமதி செய்வது கொள்ளைக்கு வழி வகுப்பதாகும்.

தமிழகத்தின் நிலை இதனோடு ஒப்பிடத்தக்கது. அமராவதி ஆற்று மணலைச் சல்லடையில் சலித்துக் காசு எடுத்தவர்களின் உழைப்பால்தான் மாக்கோதை என்று தமிழி எழுத்தில் பெயர் பொறித்த சேரர் வெள்ளிக்காசு உலகுக்குத் தெரியவந்தது. ஆனால் ஆற்றில் புரண்டு, சலிப்பவர் கையிலிருந்து உலோக வணிகருக்கும் அவரிடமிருந்து சேகரிப்பாளருக்கும் கைமாறிய அக்காசுகளுக்கு மண்ணடுக்குச் சான்று இல்லாமையால், அவற்றின் காலம் எழுத்தமைதியையும் உருவ ஒப்புமையையும் மட்டுமே கொண்டு விவாதிக்கப்படுகிறது. கீழடி, கொற்கை போன்ற இடங்களுக்குக் கருவியுடன் செல்லும் எண்ணத்தை எவரும் கைவிட வேண்டும். பாதுகாக்கப்பட்ட தொல்லிடத்தில் இசைவின்றித் தோண்டுவது இந்தியாவில் குற்றம். கிணறு வெட்டும்போதோ வீட்டுக்குக் கடைக்கால் தோண்டும்போதோ காசுக் கலயம் தென்பட்டால், அதைக் கழுவாமலும் பங்கிடாமலும் தோண்டுவதை அந்த இடத்தில் நிறுத்தி, கிராம நிர்வாக அலுவலர் வழியாகவோ நேரடியாகவோ மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும். 1878ஆம் ஆண்டின் இந்தியப் புதையல் சட்டம் பத்து ரூபாய்க்கு மேற்பட்ட மதிப்புள்ள எந்தப் புதைபொருளுக்கும் இன்றும் பொருந்தும். அதன்படி அறிவிப்பு எழுத்தில் தரப்பட வேண்டும், அதில் பொருளின் தன்மையும் அளவும், கிடைத்த இடமும் நாளும் குறிக்கப்பட்டிருக்க வேண்டும்.